கைக்குள் ஒரு சீப்பு

முடிவெட்டத் தொடங்குமுன் இரண்டு கைகளையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி வைப்பான் என் தம்பி. பிறகு துண்டால் விரல் விரலாக ஒற்றி எடுப்பான். சலூன் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் அதைத் தங்களுக்கு நடக்கும் உபசாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"உங்க கை பட்டாலே தூக்கம் வருதுண்ணே" என்றார் ஒருவர்.

"தூங்குங்க. தலைய மட்டும் ஆட்டிடாதீங்க, ரெண்டு காதும் வேணும்ல" என்றான்.

உண்மையில் அந்த வெந்நீர் அவனுக்கு. லேசாகக் குளிர் பட்டாலும் அவன் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். வியாதியின் பெயர் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். தோல் தடித்து இறுகும். சிலருக்கு நுரையீரல் வரை போகுமாம். அவனுக்கு இதுவரை கையோடு நிற்கிறது. அவன் சட்டைகளில் பட்டனை எல்லாம் எடுத்துவிட்டு ஒட்டும் பட்டி வைத்துத் தைத்திருக்கிறேன். மேசையில் கிடக்கும் சாவியைப் பொறுக்க வராது. ஓரம் வரை தள்ளி உள்ளங்கையில் ஏந்திக்கொள்வான். ஆனால் அவன் வெட்டிய தலையில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நான் பார்த்ததில்லை. ஆடை கம்பெனியில் தையல் பிசகு தேடுவதே என் வேலை. என் கண்ணுக்கு அவ்வளவு சுலபத்தில் எதுவும் தப்பாது.

கை எவ்வளவு மூடுகிறது என்று பார்க்க அவனிடம் ஓர் அளவு உண்டு. சீப்பைக் கைக்குள் வைத்து மூடி, "இழுக்கா" என்பான். முதலில் மெல்லிய சீப்பு நழுவியது. போன வருடம் தடித்த சீப்பும் நழுவத் தொடங்கியது. கத்தரி அலமாரிக்குள் போனது. எல்லாத் தலைக்கும் மெஷின்தான்.

"கத்தரி பிடிக்க முடியலன்னா கடைல எனக்கு என்னக்கா வேலை? பவுடர் போடவா?"

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகளும் வலிக்கத் தொடங்கின. அந்த வலி தோல் இறுக்கத்தால் மட்டும் வருகிறதா, மூட்டுக்குள்ளேயே அழற்சி இருக்கிறதா என்பதுதான் டாக்டரின் கேள்வி. இறுக்கம் மட்டும் என்றால் பயிற்சி செய்து சமாளிக்க வேண்டும். அழற்சி என்றால் அடக்க மருந்து உண்டு. விட்டால் மூட்டு கெடும். அந்தத் தோலை அமுக்கிப் பார்த்து வீக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. செருப்புத் தோலை அமுக்குவது போலத்தான். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இரண்டு பரிசோதனைகளும் அளவுக்குள் வந்தன. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அவன் முகம் தொங்கிவிட்டது.

"நார்மலாம். அப்ப காலைல வலிக்கிறது பக்கத்து வீட்டுக்காரன் கையா?"

டாக்டர் சிரித்தார். "ரத்தம் எல்லாத்தையும் சொல்லிடாதுப்பா. ஸ்கேன்ல பாத்துடுவோம்."

வெளியே வந்ததும், "டாக்டருக்கு இடது கிருதா அரை விரல் கீழ எறங்கியிருக்கு, கவனிச்சியா?" என்று கேட்டான்.

ஸ்கேன் அறையில் ஏசி. கையில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தார்கள். ரத்தம் அதிகம் பாயும் இடம் திரையில் சிவப்பாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறம்தான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்த பெண் அவன் விரலைப் பார்த்துவிட்டுக் கருவியை எடுத்துவிட்டார்.

"கை இப்படி வெளுத்திருந்தா உள்ள அழற்சி இருந்தாலும் தெரியாம போகலாம். ஏசிய அணைக்கிறேன், சூடாகட்டும்."

"ஒரு கிண்ணம் வெந்நீர் கெடைக்குமா மேடம்? கடைல தெனமும் இதான் பண்றேன்."

நர்ஸ் கொண்டுவந்தார். விரல்களில் நிறம் திரும்பிய பிறகு, அந்தப் பெண் அழுத்தாமல், பசையின் மேல் மிதக்கவிட்டாற்போல் கருவியை நகர்த்தினார். மணிக்கட்டிலும் நடுவிரல் முட்டியிலும் கங்கு போலச் சிவப்பு மினுங்கியது.

"அக்கா! பாருக்கா, செவப்பு!" பரீட்சையில் பாஸானவன் மாதிரி கத்தினான்.

"இதுக்கா இவ்ளோ சந்தோஷம்?" என்றார் அவர்.

"பின்ன? இத்தன மாசமா என் கைய நானே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன் மேடம்."

மருந்து தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது, பொறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். வாரக்கணக்கில் அவனும் சீப்பைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன ஞாயிறு கடைக்குப் போனேன். வெந்நீரிலிருந்து கையை எடுத்துத் துடைத்தான். தடித்த சீப்பை உள்ளங்கையில் வைத்து மூடி என் பக்கம் நீட்டினான்.

"இழு."

இழுத்தேன். வந்துவிட்டது. ஆனால், கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. சீப்பை என்னிடமிருந்து வாங்கி, மறுபடி கைக்குள் வைத்து மூடி, நீட்டினான்.