அருவிக்காக நிறுத்திய மாத்திரை

தொண்டை சரியாகிவிட்டது என்று யார் சொல்ல வேண்டும், வலித்தவளா, வைத்தியம் பார்த்தவரா? என் அக்காள் மகளின் முழங்கால் வீங்கும்வரை, இப்படியொரு கேள்வி இருப்பதாகவே எங்கள் வீட்டில் எவரும் நினைத்ததில்லை.

தென்காசியில் குடியிருப்பவர்களுக்குச் சாரல் காலம் என்பது விருந்தாளிகளின் காலம். மலையில் மேகம் இறங்கிவிட்டால், வெளியூர்ச் சொந்தங்களுக்கு எங்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கும். வந்தவர்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போவது வீட்டாரின் கடமை. உடன் போய்க் குளிக்காமல் கரையில் நிற்பது ஏறக்குறைய அவமரியாதை.

அந்த ஆண்டு, சொந்தங்கள் வருவதற்குச் சற்று முன்பு அக்காள் மகளுக்குத் தொண்டை வலி கண்டது. அப்போது ஏழாம் வகுப்பு. எச்சில் விழுங்கவே அழுதாள்; காய்ச்சல் கொதித்தது; சளியோ இருமலோ இல்லை. அக்காள் உப்புநீரில் கொப்பளிக்கச் செய்தும் குறையாததால் மூவரும் மருத்துவரிடம் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்நாக்கின் இருபுறமும் சிவந்து வீங்கி, வெள்ளை படர்ந்திருந்தது.

"முக்கால்வாசி தொண்டை வலி வைரஸால வர்றது. அதுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையே தேவையில்ல. இது பாக்டீரியா மாதிரி தெரியுது. பத்து நாளும் மாத்திரை சாப்பிடணும். நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாது."

அக்காள் தலையாட்டினாள். நான் வேலைக்காகச் சிவகிரிக்குப் போய்விட்டேன். அத்தான் ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தார். அவருடைய தங்கை சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திறங்கினார். அதன் பிறகு வீட்டில் நடந்த பேச்சை அந்தப் பிள்ளையே பின்னர் எனக்கு நடித்துக் காட்டினாள்.

"என்ன மதினி, ஊரே குளிக்கப் போகுது. பிள்ளைய மட்டும் வீட்டுல பூட்டி வச்சிட்டா வருவிய?"

"மாத்திரை சாப்பிடுதால்லா. மருந்து உள்ள கிடக்கையில தலைக்குத் தண்ணி விட்டா ஜன்னி கண்டுராதா?"

"அப்ப மாத்திரைய நிறுத்துங்க. காய்ச்சல்தான் போயிருச்சே. ஏட்டி, வலிக்குதா உனக்கு?"

"வலிக்கல அத்தே."

"பாத்தியளா! நேத்து தட்டு முறுக்கையும் இவதான் தின்னு தீத்தா. புண்ணு பிடிச்ச தொண்டையா அது?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்று இரவு மாத்திரை இல்லை. மறுநாள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். பாதி மருந்து அலமாரியிலேயே கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவே எல்லோரையும் ஏமாற்றியது.

விருந்தாளிகள் ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அவளுடைய வலது முழங்கால் வீங்கியது. பள்ளியில் எங்கோ இடித்திருப்பாள் என்று அக்காள் தைலம் தேய்த்தாள். முழங்கால் வற்றியதும் இடது கணுக்கால் வீங்கியது. சுளுக்கு இடம் மாறாது என்பது, ஊர் திரும்பியிருந்த என்னை உறுத்தியது. அதே மருத்துவரிடம் போனோம். அவர் காலைப் பார்த்ததைவிட அதிக நேரம் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். பாதி மருந்தில் சாகாமல் தொண்டையில் தங்கிய கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்கியிருந்தது. இதய வால்வு ஒன்றில் சிறிய கசிவு. மறுபடி இதே தொற்று வந்தால் அது பெரிதாகலாம் என்றார்கள்.

அருவியில் குளிக்க விட்டதுதான் காரணம் என்று அக்காள் மருத்துவரிடம் அழுதாள்.

"குளிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மாத்திரையப் போட்டுக்கிட்டே தாராளமா குளிச்சிருக்கலாம். காய்ச்சல் விட்டிருந்தாப் போதும்."

அக்காள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "அப்ப எதுக்கு சார் நிறுத்தினோம்?" என்றாள்.

சென்னையிலிருந்து அத்தானின் தங்கை போனில் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் இதை ஒருவர்மேல் சுமத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தெருவே குளிக்கப் போகும் நாளில் ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்துவது தண்டனைதான். அவர் அந்தத் தண்டனையிலிருந்து அவளைக் காப்பாற்றவே நினைத்தார். மருந்தை நிறுத்தாதே என்று மருத்துவர் சொன்னதும் சரி. மருந்தோடு குளிக்கலாம் என்ற ஒரு வாக்கியத்தை இந்த ஊரில் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு சொல்லப்படாத நம்பிக்கைகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் இதயம் அகப்பட்டுக்கொண்டது.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளுக்குப் பென்சிலின் ஊசி போடுகிறோம். இது இன்னும் பல ஆண்டுகள் தொடரும். கசிவு இதுவரை கூடவில்லை. வீட்டில் யாருக்குத் தொண்டை வலித்தாலும் அவளிடமிருந்து தள்ளியே படுக்கிறார்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுகிறோம். அவர் மருந்து தேவையில்லை என்றால் விட்டுவிடுகிறோம். எழுதித் தந்தால் முடிக்கிறோம்.