அக்காவின் வாக்கு

பிரெஞ்சு பேசும் குளிர்நகரொன்றின் சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துப் போத்தல்களுக்கு மூடி போடும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை செய்தபோது, எனக்குப் பக்கத்தில் நின்றவ ஒரு பெரு நாட்டுக்காரி. என்னைவிட மூத்தவ. நான் அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தத்தைக் கேட்டறிந்த பிறகு, தன் சொந்தப் பெயரைவிட அதற்குத்தான் சட்டென்று திரும்புவா. எங்களுக்குப் பொதுவாக இருந்தது குடிவந்தவர்களுக்கான வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சு. அதில் பிழைபிழையாகக் கதைத்தே ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துகொண்டோம்.

அவவின் புருஷன் மலைப்பக்கத்து ஊரொன்றில் ஆசிரியர். சண்டைக்காலத்தில் ஒருநாள் விசாரிக்க வேண்டும் என்று ஆமி கூட்டிக்கொண்டு போனது. பிறகு ஆளைக் காணவில்லை, உடலையும் காணவில்லை. இதைச் சொன்னபோது அவ எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் நாட்டுச் சண்டையில் என் அண்ணையையும் அப்படித்தான் கொண்டு போனவர்கள்.

அவவுக்கு ஒரு தம்பி. தாய் செத்தபிறகு அவவே தூக்கி வளர்த்தவன். தலைநகர் லீமாவில் வழக்கறிஞராக இருந்தான். 2006ஆம் ஆண்டு அங்கே ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. தம்பி பாராளுமன்றத்துக்கு நிற்கிறான் என்று சாப்பாட்டு நேரத்தில் அவ சொன்னதும், நான் சந்தோஷமாகக் கையை நீட்டினேன். அவ கை கொடுக்கவில்லை.

"அந்த நேரம் எங்கட பக்கத்தில ஆமிக்குப் பொறுப்பா இருந்தவனும் அதே கட்சியிலதான் தேர்தல் கேக்கிறான். ரெண்டு பேரும் ஒரே மேடையில நிக்கிற படம் பாத்தனான்" என்றா.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வாக்கு, தம்பி நின்ற லீமாத் தொகுதியோடு சேர்ந்துவிடும். அதனால் தம்பி ஓயாமல் போன் பண்ணினான். "உள்ளுக்குப் போனால்தானே அக்கா, அத்தானுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கலாம்?" என்றானாம். அதை நம்பிச் சொன்னானா, வாக்குக்காகச் சொன்னானா என்று அவவுக்கே பிடிபடவில்லை.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவவை இரவல் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் பெரு நாட்டவர்களுக்கான வாக்குச்சாவடி. வாசலில் உருகின பனிச் சேறு. ஆட்கள் கட்டியணைத்துச் சுகம் கேட்டார்கள், உடனேயே கட்சிச் சண்டையும் பிடித்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சில் கத்தி ஓடி விளையாடினார்கள். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் எந்த நாட்டிலும் வாக்குப் போட்டதில்லை. ஊரில் எங்களுக்குத் தேர்தல் நாள் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் நாள்.

விரலில் மையோடு வந்தவ காரில் ஏறினதும் அழத் தொடங்கினா. நான் காரை எடுக்காமல் இருந்தேன்.

"ஜனாதிபதிக்குக் கீறினன். பாராளுமன்றத்துக்கான மற்றப் பக்கத்தில அவன்ர கட்சிச் சின்னம் கிடந்தது. அதில கீறிப்போட்டு அவன்ர இலக்கத்தை எழுதினாச் சரி. பேனையைக் கொண்டு போனன். ஏலாமப் போச்சு."

"பேந்து என்ன செய்தனீங்கள்?"

"அந்தப் பக்கத்தை வெறுமையா விட்டு, மடிச்சுப் போட்டிட்டு வந்திட்டன்."

தம்பி தோற்றுப்போனான். அந்தச் செய்தியோடு அவன் அழைத்தபோது நாங்கள் இருவரும் தேநீர் இடைவேளையில் இருந்தோம். ஸ்பானியம் எனக்குத் தெரியாது. ஆனால் அவ கண்ணை மூடிக்கொண்டு 'சீ, சீ' என்று தலையாட்டி ஓம் சொன்னது விளங்கியது.

போனை வைத்துவிட்டுச் சொன்னா: "எனக்குத்தானே போட்டனீ எண்டு கேட்டவன். ஓம் எண்டிட்டன். குழந்தை மாதிரி அழுதான்."

உண்மையை அவனுக்கு நேரே முகம் பார்த்துத்தான் சொல்லவேண்டும், அடுத்த வருஷம் லீவு எடுத்துக்கொண்டு போகப்போறன் என்று சில நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தா. அதற்குள், அடுத்து வந்த பனிக்காலத்திலேயே தம்பிக்கு மாரடைப்பு வந்துவிட்டது. கிடைத்த விமானத்தில் ஏறிப் போயும் அடக்கம் முடிந்துவிட்டது. அங்கே கொளுத்துகிற வெயிலாம். பனிக்காலக் கோட்டும் கையுமாக அவன் வீட்டு வாசலில் போய் நின்றாவாம்.

திரும்பி வந்த அன்று, வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் சொன்னா.

"அடக்கம் முடிஞ்சும் துக்கம் கேக்க வந்த தெரியாத சனமெல்லாம் என்ர கையைப் பிடிச்சுது. அவ்வளவு தூரத்தில இருந்தும் அக்கா என்னைக் கைவிடேல்லை எண்டு எல்லாரிட்டயும் சொல்லித் திரிஞ்சிருக்கிறான். அவன்ர மனிசியும் எனக்கு நன்றி சொன்னவள். நான் அவளுக்கு என்ன சொல்ல?"

காற்று முகத்தில் அறைந்தது. அவவின் கையுறை போட்ட கையை என் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன். அவவுடைய பஸ் வந்தது. அவ ஏறவில்லை.