முட்டிக்கு முட்டி ஓடிய வலி

முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்தால், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிக் குண்டானைத் தொட்டதுபோல் சுட்டது. போர்வை உரசினாலே கத்தினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. திருக்கழுக்குன்றம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, "என் மகனுக்கு வலது முழங்காலில் வீக்கம்" என்று தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம் எழுதி, முறைப்படி நகலும் வைத்துக்கொண்டார்.

வலிக்கு அந்த முறையெல்லாம் தெரியவில்லை. மூன்றாம் நாள் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய், விடுப்பை நீட்டிக்கத் தலைமையாசிரியரிடம் காட்டியபோது வலது முழங்கால் ஒழுங்காக மடங்கியது. வலி என்னைக் கேட்காமலே இடது கணுக்காலுக்குப் போயிருந்தது, வீக்கம் இன்னும் தலைகாட்டவில்லை. தலைமையாசிரியர் கடிதத்தையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னா சார், வலிக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துட்ச்சா?" வராந்தாவே சிரித்தது.

தன் கையெழுத்து பொய்யாகிவிட்ட அவமானத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். "எந்தக் கால்னு உனக்கே தெரியல. நடந்தே வா." நொண்டிக்கொண்டே நடந்தேன், பாதி வழியில், ஒருவேளை நடிக்கத்தான் செய்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வரும் மீன்காரம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கியிருந்தார். எந்தக் கால் என்று அவர் கேட்டதும், முதலில் வலது முழங்கால், இப்போது இடது கணுக்கால் என்றேன். "இன்னா நைனா, புள்ளைக்கு இப்டி மூச்சு வாங்கிகினு கீது, நீ சைக்கிளத் தள்ளிகினு வர்ற! என் பொண்ணுக்கும் வலி இப்டித்தான் 'முட்டிக்கு முட்டி' ஓடுச்சு, அப்பால நெஞ்சுல போய் குந்திக்கிச்சு. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அங்கே டாக்டர் மூட்டை விட்டுவிட்டுத் தொண்டையைப் பற்றிக் கேட்டார். மூன்று வாரத்துக்கு முன் தொண்டைப்புண் வந்து, உப்புநீர் கொப்பளித்துச் சரியானதை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். தொண்டைக்குள் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, ஆள் அடையாளம் குழம்பித் தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குகிறது என்றார் டாக்டர். "அப்ப இவன் சொன்னது..." என்று தொடங்கிய அப்பா, குனிந்து என் இடது கணுக்காலைப் பார்த்தார்.

மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். ஒன்றைக்கூட அப்பா தவறவிடவில்லை. மூட்டுவீக்கம் தடமில்லாமல் மறைந்தது. இதய வால்வில் சிறு கசிவு மட்டும் தங்கிவிட்டது. அந்த நடையால்தானா? எந்த டாக்டரும் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. அப்பாவைப்போலவே எழுத்தராகி, கோப்புகளை முடித்துவைத்தே சம்பளம் வாங்கிய எனக்கு இதை மட்டும் முடிக்கத் தெரியவில்லை.

நான் வேலைக்குப் போன பிறகும், விடிந்து என்னைப் பார்த்ததும் அப்பாவின் கண் முதலில் என் கால்களுக்குத்தான் போகும். "இன்னைக்கு எங்கேப்பா வலி?" அது மன்னிப்பா, விசாரணையா, கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

இப்போது கூடுவாஞ்சேரி அடுக்ககத்தில் என் இரண்டு முழங்கால்களும், வயதுக்கேற்ற ஒழுக்கத்துடன், இடம் மாறாமல் வலிக்கின்றன. எக்ஸ்ரே சாட்சி இருப்பதால் எல்லோரும் உடனே நம்புகிறார்கள். எங்கே என்று கேட்கத்தான் யாருமில்லை.