இருவருக்கு விற்ற ஒரே வண்டி

கதான்ஸ்க் நகரத்துச் சுற்றுலா வழிகாட்டிகளில் கோபக்காரி யார் என்று கேட்டால், யோசிக்காமல் வியெசியாவைக் காட்டுவார்கள். முழுப்பெயர் வியெஸ்வாவா. அந்தப் பெயரை மருத்துவமனையில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். இளவயதில் கப்பல் கட்டும் தளத்தில் பாரந்தூக்கி ஓட்டியவள். தலைக்கு மேலே இரும்புத் தகடு தொங்கும்போது ஆட்களை அடியில் நடக்கவிட்ட மேற்பார்வையாளரை, "முதல்ல நீ வந்து நில்லு, அப்புறம் அவங்க நடக்கட்டும்" என்று மேலிருந்து கத்தியவள். தளத்தில் வேலை குறைந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது முதல் வரிசையில் அவள் பெயர் இருந்ததில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மாலை வகுப்பில் ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, வழிகாட்டி உரிமம் வாங்கினாள். நார்வேக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். அதற்கும் கோபப்பட்டாள், ஆனால் அந்தக் கோபம் அதிக நாள் நீடிக்கவில்லை. அதற்குள் கோபப்பட வேறு விஷயங்கள் வந்துவிட்டன.

அப்படி வந்ததில் பெரியது கொர்னெலின் வண்டி விவகாரம்.

கொர்னெல் ஒரு சிறு சுற்றுலா நிறுவனத்தின் முதலாளி. காலையில் மால்போர்க் கோட்டை, மாலையில் கதான்ஸ்க் துறைமுகம், வண்டியும் வழிகாட்டியும் உங்களுக்கு மட்டுமே என்று விளம்பரம் செய்து ஆட்களைப் பிடிப்பான். வியெசியாவிடம் மரியாதையாக, 'அம்மா' என்பதுபோல, 'பானி' போட்டுத்தான் பேசுவான். எவ்வளவுக்கெவ்வளவு அநியாயமான வேலை சொல்கிறானோ, அவ்வளவுக்கவ்வளவு பானி கூடும்.

ஜூன் மாதம் ஒரு நாள் லூபெக்கிலிருந்து எடல்ட்ராவுட் என்ற ஜெர்மன் கிழவி வந்திருந்தாள். எண்பது தாண்டியவள், ஒற்றை ஆள். இந்த ஊர் ஜெர்மன்காரர்களுடையதாக இருந்த காலத்தில் பிறந்து, போர் முடிகிற சமயத்தில் பதினோரு வயதில் இதை விட்டுத் தாயோடு கப்பலேறியவள். கோட்டையை ஒரு முறை பார்க்க வேண்டும், பிறகு நகரத்து ஒலிவாப் பகுதியில் தான் பிறந்த வீட்டின் எதிரே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். கூட யாரும் வேண்டாம் என்பதற்காகவே தனி வண்டி சொல்லியிருந்தாள்.

கிழவியை முன்னிருக்கையில் உட்கார வைத்து, வியெசியாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஓட்டுநர் கெர்வாசி, நேரே கோட்டைக்குப் போகாமல் இன்னொரு ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தினான். வியெசியாவின் கைப்பேசி அடித்தது. கொர்னெல்தான்.

"பானி வியெசியா, கோவிச்சுக்காதீங்க பானி. இன்னைக்கு வண்டி ஒண்ணுதான் இருக்கு. வார்சாவிலேர்ந்து ஒரு ஜோடி வந்திருக்கு, அவங்களும் ஏறிப்பாங்க."

"அவங்களும் தனி வண்டின்னு சொல்லித்தானே காசு கட்டியிருக்காங்க?"

"அதுக்கென்ன. அந்தம்மாகிட்ட, இவங்க உங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. இவங்ககிட்ட, அது உங்க மாமியார், வீட்ல தனியா விட முடியலன்னு சொல்லுங்க. அவங்களுக்கு ஜெர்மன் தெரியாது, அந்தம்மாவுக்குப் போலிஷ் தெரியாது. யாருக்கு என்ன தெரியப் போகுது?"

"என் மாமியார் உயிரோட இருந்தப்பவே அவங்களை நான் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப செத்தவங்களைச் சுத்திக் காட்டணுமா?"

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அவள் திரும்பக் கூப்பிடுவதற்குள் கதவு திறந்தது. வந்தவர் பொக்தான், கட்டட ஒப்பந்தக்காரர், வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். பின்னால் அவர் மனைவி யோவிதா.

"தனி வண்டின்னாங்க. முன்னால இருக்கிற அம்மா யாரு?" என்றார் பொக்தான்.

வியெசியா வாயைத் திறப்பதற்குள் கெர்வாசி பயத்தில் உளறிவிட்டான். "இவங்க மாமியார் சார்."

வண்டி கிளம்பிவிட்டது. வியெசியா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னவள் அவள் இல்லை. ஆனால் மறுத்துப் பேசவும் இல்லையே. அந்த நினைப்பு விஸ்தூலா ஆற்றுப் பாலம் தாண்டியும் அவளைக் குடைந்தது. ஏறியவர்கள் யார் என்று கிழவி ஜெர்மனில் கேட்க, அப்புறம் சொல்கிறேன் என்றாள் இவள். பின்னாலிருந்து பொக்தான், "மாமியார் ஜெர்மன்காரியா? பலே, நல்ல இடமாத்தான் புடிச்சிருக்கீங்க" என்றார். யோவிதா அவர் முழங்கையைத் தட்டினாள்.

மால்போர்க்கில் கிழவியால் வேகமாக நடக்க முடியவில்லை. கோட்டை முற்றத்துக் கல் பாவிய தரையில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தபோது இந்தச் செங்கல் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்ததாகச் சொல்லி, போய் இப்போதும் கையை வைத்தாள். பொக்தான் கடிகாரத்தைப் பார்த்தார், படம் எடுத்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, உங்க மாமியாரை ஒரு பெஞ்சுல உக்கார வச்சிட்டு வாங்க. காசு குடுத்தவங்க நாங்க. மீன் சாப்பாட்டுக்கு மேஜை சொல்லி வச்சிருக்கோம்."

வியெசியாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. முற்றத்துக் கிணற்றடியில் நின்று, முதலில் போலிஷில், பிறகு ஜெர்மனில், கூட்டம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "இவங்க என் மாமியார் இல்ல. நீங்க என் சொந்தக்காரங்களும் இல்ல. ரெண்டு பேருமே தனி வண்டின்னு முழுக் காசு கட்டியிருக்கீங்க. ரெண்டு பேரையும் ஒரே வண்டியில அடைச்சிருக்கான் எங்க முதலாளி."

பொக்தான் அங்கேயே கைப்பேசியை எடுத்து கொர்னெலைக் கூப்பிட்டார். அவர் போட்ட சத்தத்தில் கிணற்றடிப் புறாக்கள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் கெர்வாசி வாகன நிறுத்தத்திலிருந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"முதலாளி கூப்பிட்டாரு, வியெசியா. கிழவியை ஸ்டேஷன்ல இறக்கி ரயிலேத்தி விடச் சொல்றாரு. வார்சாக்காரங்க இணையத்துல கண்டபடி எழுதிடுவாங்களாம். அந்தம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதாம்."

அவன் நின்ற விதத்திலேயே கிழவி விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "என்னை இறங்கச் சொல்றாங்களா?" என்று கேட்டாள். வியெசியா ஆமாம் என்றாள். கிழவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இந்த மண்ணுலேர்ந்து என்னை ஒரு தடவை வெளிய அனுப்பியாச்சு. ரெண்டாவது தடவை போக மாட்டேன்."

அதுவரை முழுக்கக் கிழவி பக்கம் நின்றிருந்த வியெசியாவுக்கு, அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

"இங்க பாருங்கம்மா, நாங்க மட்டும் ஆசைப்பட்டா இங்க வந்தோம்? போர் முடிஞ்சு எல்லையை மாத்தினப்ப, என் அம்மா கிழக்கே வில்னோவுல வீடு வாசலை விட்டுட்டு மாடு ஏத்துற ரயில் பெட்டியில வந்தாங்க. அதையெல்லாம் ஆரம்பிச்சு வச்சது யாரு?"

"எங்க ஆளுங்கதான்," என்றாள் கிழவி. குரல் கொஞ்சமும் தணியவில்லை. "எங்கப்பா கோட்டுல நாஜிக் கட்சி பேட்ஜைக் குத்திட்டுத் திரிஞ்சவர். அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதுக்காக இந்த வண்டியை விட்டு எதுக்கு நான் இறங்கணும்? இதுக்குக் காசு கட்டினது அவரில்ல, நான்."

அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு என்பதை வியெசியா ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

முடிச்சை அவிழ்த்தவள் யோவிதா. "நாம ரயில்ல போவோம்," என்றாள் புருஷனிடம்.

"நாம எதுக்குப் போகணும்? காசு..."

"காசை அவன்கிட்ட கேளு. வயசானவங்களை பெஞ்சுல உக்கார வைக்கச் சொன்ன உன்னையும் கூட்டிக்கிட்டு அவங்க பக்கத்துல என்னால உக்கார முடியாது." பிறகு வியெசியாவிடம் திரும்பினாள். "நீங்களும் ஓட்டல் வாசல்லயே சொல்லியிருக்கணும். எங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து, பேச விட்டு, அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்றீங்க."

அது நியாயம்தான். கொர்னெல் செய்த அநியாயத்தைவிட இந்த நியாயம் திரும்பிப் போகும் வழியெல்லாம் வியெசியாவை உறுத்தியது.

வண்டியில் ஏறியதும் கெர்வாசியின் கைப்பேசி விடாமல் அடித்தது. அவன் அதை எடுத்துப் பார்த்தான், அணைத்தான், முன்னிருக்கைக்கு எதிரே இருந்த சிறு பெட்டிக்குள் போட்டு மூடினான். "சார்ஜ் போச்சு" என்றான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய கலகம் அதுதான் என்று வியெசியா பின்னால் சொல்வாள்.

கதான்ஸ்கில் ஆற்றங்கரையில் புகைபோட்ட மீன் வைத்த ரொட்டி வாங்கி மூவரும் வண்டியிலேயே சாப்பிட்டார்கள். அந்தக் காலத்து மரப் பாரந்தூக்கியைக் காட்டி, சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்தே பாரம் தூக்கினார்கள் என்று வியெசியா சொன்னாள். தானும் பாரந்தூக்கி ஓட்டியவள் என்றதும் கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் இவ்வளவு சத்தமா பேசற" என்றாள். கெர்வாசி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

ஒலிவாவில் அந்த வீடு அப்படியே இருந்தது. மாடியில் யாரோ போர்வை உலர்த்தியிருந்தார்கள். வண்டி நின்றதும் முதல் மாடி ஜன்னலில் ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"இன்னொண்ணா? போன மாசம்தான் ஒருத்தர் வந்து எங்க கூரையைப் பார்த்து அழுதுட்டுப் போனாரு. இது மியூசியம் இல்ல. நாங்க குடியிருக்கோம்."

"தெருவுலதான் நிக்கிறாங்க. தெரு உங்களதா?" என்று வியெசியா கத்தினாள். ஜன்னல் சாத்திக்கொண்டது. கிழவி, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வராமல், ஜன்னல்காரி சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னாள் வியெசியா. "அவ சொல்றது சரிதான்" என்றாள் கிழவி. "இப்ப ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போங்க."

வியெசியாவும் கெர்வாசியும் தெருமுனைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கெர்வாசி ஒரு முறை திரும்பப் பார்த்தான். அவள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கிழவி அங்கே என்ன செய்தாள், அழுதாளா, திட்டினாளா என்பது அவர்களுக்குத் தெரியாது. வந்து ஏறியபோது கண் காய்ந்திருந்தது. சட்டை முழங்கையில் மட்டும் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

சாயங்காலமே கொர்னெல் வியெசியாவை வேலையை விட்டு நீக்கினான். கெர்வாசியை நீக்கவில்லை. அவனை விட்டால் வண்டி ஓட்ட ஆள் இல்லை. வியெசியா சொந்தமாக ஆட்களைக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். முன்னைவிட வேலை குறைவு. ஆனால் கைப்பேசியில் பானி குறைந்ததே பெரிய நிம்மதி.

ஆகஸ்டில் ஒரு நாள், ஆற்றங்கரையில் பச்சை வாசல் என்ற பழைய நகர வாயிலுக்கு வெளியே கொர்னெலின் வண்டி நிற்பதைப் பார்த்தாள். ஒரு இளம்பெண் வழிகாட்டி இரண்டு குடும்பங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கெர்வாசி வியெசியாவைக் கண்டதும் இருக்கையில் சரிந்து, தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

அவள் நேரே வண்டி முன்னால் போய் நின்றாள். முதலில் ஜெர்மனில், பிறகு போலிஷில், பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலும் கேட்டாள்.

"தனி வண்டின்னு சொல்லிக் காசு கட்டினவங்க யார் யாரு? கையைத் தூக்குங்க."

இரண்டு பக்கமும் கைகள் உயர்ந்தன.