எதிர்ப்பு ஜாஸ்தியான என் தம்பி

இந்த நினைவு மலரில் தம்பியை 'அவர்' என்று எழுத வேண்டுமாம். இடுப்பில் தூக்கி வளர்த்த எனக்கு அது வராது. 'அவன்' என்றே எழுதுகிறேன். இருந்திருந்தால் இதற்கும் சண்டைக்கு வந்திருப்பான்.

குமராட்சிப் பக்கம் வெள்ளம் புகும் தெருவில் பிறந்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். நடவுக்குப் போகும் பெண்களைக் கண்டால் நிற்காமல் ஓடிய மினிபஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்தவன் இவன்தான். கடலூர் பக்கம் குடிகாட்டில் கம்பெனி வேலைக்குப் போன பிறகும் அதே குணம். யாருக்கு அநியாயம் நடந்தாலும் இவன் குரல்தான் முதலில் கேட்கும். வீட்டிலோ, சாம்பார் வைத்தால் ரசம் கேட்பான்.

கொரோனா வந்து சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எதிர்ப்புச் சக்தி ஏறட்டும் என்று நான் பிளாஸ்க் பிளாஸ்க்காகக் கபசுரக் குடிநீர் கொடுத்தனுப்பினேன். ஆக்சிஜன் வைத்து, ஸ்டீராய்டு போட்டும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. டாக்டர் பெண் வெளியே வந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க இன்னொரு ஊசி போடலாமா என்று கேட்டார்.

தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொறைக்கவா? ஊரே ஏத்திக்கினு கெடக்கு, இவுங்க என்ன அண்ணி இப்படிச் சொல்றாங்க?"

"பாட்டி, கிருமிய எதிர்க்க வேண்டிய சக்தி அளவு மீறிப்போய் அவரு நுரையீரலையே தாக்குது. அவரு உடம்பு அவருகிட்டயே சண்ட போடுது" என்றார் டாக்டர்.

"அவன் கொணமே அதாம்மா. ஆளு கெடைக்கலன்னா கண்ணாடியப் பாத்துச் சண்ட போடுவான். ஊசி போட்டா பொழைப்பானா?"

"உறுதி சொல்ல முடியாது பாட்டி. வேற கிருமி வந்தா தாங்குற பலம் கொறையும், கவனமா பாத்துக்குவோம். ஆனா போடுறதுதான் நல்லது."

தம்பி மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"போடுங்கம்மா" என்றேன். "கொஞ்சமா கொறைங்க. முழுசா கொறைச்சிட்டா எங்களுக்கு அடையாளம் தெரியாது."



சில நாள் கழித்து மாஸ்க்கை எடுத்ததும் அவன் பேசிய முதல் பேச்சு: "யாரு வச்ச கஞ்சி இது? உப்பே இல்ல."

தம்பி மனைவி அழுதேவிட்டாள்.

"உப்பு போட்டிருந்தா கரிக்குதும்ப. குடிடா."

அதன் பிறகு வருஷக்கணக்கில் இருந்தான். மகள் கல்யாணத்தைத் திருவந்திபுரத்தில் முடித்தான், சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டே. போன வருஷம் இதயம் தளர்ந்து கடலூர் வீட்டில் படுத்திருந்தபோது கேட்டேன்.

"காப்பி வேணுமாடா?"

"சரிக்கா."

"சக்கர இல்லாம?"

"சரிக்கா."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

துக்கத்தில் கூட நின்ற சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் நன்றி. டாக்டர் அம்மா, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, அன்றைக்கு நான் கேட்டபடி கொஞ்சம்தான் குறைத்தீர்கள். மிச்சத்தை அவன் எங்களிடம் காட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனான். அந்தச் சண்டை ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு நன்றி.