துடைக்காத வாஷர்

மில்லிங் மெஷின்காரர் ஒரே வாரத்தில் ஐந்து பிளேடுகளை உடைத்துவிட்டாராம். கேன்டீனில் யாரோ சொன்னதை யாரோ வந்து அவரிடமே சொன்னார்கள். எஃகில் ஒடுக்கமான காடி வெட்டும் மெல்லிய வட்டப் பிளேடுகள் அவை. ஆறாவதுதான் கடைசி. அதுவும் உடைந்தால் மெஷினை மெஷின்காரருடைய மச்சினனிடமே கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த மச்சினனோ பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வேகத்தைக் குறைச்சீங்களா மாமா?"

"குறைச்சாச்சு. எண்ணெயும் ஊத்தியாச்சு. இரும்புதான் மட்டம்."

"ஆமாமா, அஞ்சு தடவையும் இரும்புதான் மட்டம்! பிளேடை ரெண்டு பக்கமும் பிடிக்கிற அந்த வாஷரைத் துடைச்சீங்களா? நடுவுல தூசு இருந்தாலே பிளேடு கோணிக்கும். ரெண்டு பல்லு மட்டும் எல்லா வெட்டையும் வாங்கி உடையும்."

"இருபது வருஷ சர்வீஸுடா. எனக்கே துடைக்கச் சொல்லித் தர்றியா?"

துடைக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் இவன் கண்ணெதிரே துடைத்தால் மானம் என்னாவது? ஆறாவது பிளேடை அப்படியே மாட்டி மெஷினை ஓட்டினார். பிளேடு காடியில் இரண்டு விரற்கடை போய், படீரென்று உடைந்தது.

மச்சினன் நகர்ந்தான். அவர் வாஷரைக் கழற்றினார். நகத்துணுக்கு அளவில் ஓர் இரும்புச் சீவல் அதில் சப்பையாக ஒட்டியிருந்தது.

போன் அடித்தது. முதலாளி. மெஷின்காரர் துணியை எடுத்து, வாஷரை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.