கிரேன் மேல் வராத மயக்கம்

கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான். ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில், கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனில் உட்கார்ந்து பல வருஷம் காலம் தள்ளியவன் நான். புதிதாக மேலே ஏறுகிறவர்களுக்குக் கீழே எட்டிப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். எனக்கு ஒன்றும் ஆகாது. அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு எண்பதுகளின் கடைசியில் ஒரு வியாதி வந்தது. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு. என் மனைவி பிலோமினா சோப்பை மாற்றிப் பார்த்தாள், தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், கடைசியில் என்னையே ஒரு மாதிரிப் பார்த்தாள். முகம் சிவந்து தலை கனத்து டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்கு ரத்தம் அளவுக்கு மேல் ஊறுகிறதாம், கெட்டியாகவும் இருக்கிறதாம். அவ்வப்போது ஒரு பாட்டில் எடுத்துக் கொட்டிவிட வேண்டும், அதுதான் வைத்தியம். ஊரெல்லாம் ரத்தம் ஊறுவதற்காக பீட்ரூட்டும் ஈரலும் தின்றுகொண்டிருக்க, இவருக்கு மட்டும் வழிந்து ஓடுகிறதா என்று என் மச்சினிக்கு வயிற்றெரிச்சல். ஊசியைக் கண்டால் கண் இருட்டும் என் இனத்தவரே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

வெறும் வயிறு

குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கேதான் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் என்று பேச்சு வந்துவிட்டால் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். யாரும் சொல்லாமலே நானும் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, காலையில் காபிகூடத் தொடாமல், நல்ல பிள்ளையாகப் போய்க் கட்டிலில் படுத்தேன். ஊசி ஏறியது. கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலில் ரத்தம் இறங்க ஆரம்பித்தது. முதலில் கொட்டாவி வந்தது. பிறகு காதுக்குள் குக்கர் சத்தம். நெற்றியில் வேர்வை. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது என் கால்கள் இரண்டும் தலையணைகளின் மேலே இருந்தன. முகமெல்லாம் தண்ணீர். ரத்தம் எடுக்கும் நர்ஸ் லீலா சிஸ்டர், என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணா, டெஸ்டுக்குத்தான் வெறும் வயிறு. இது மாடு கறக்குற மாதிரி. புல்லு போடாம யாராவது கறப்பாங்களா?"

வாசல் வரைக்கும்

அடுத்த தடவை புல் விஷயத்தில் குறை வைக்கவில்லை. இட்லி, வடை, ஒரு சொம்பு மோர். ரத்தம் எடுக்கும்போது லேசாகக் கண்ணைக் கட்டியது, அவ்வளவுதான். ஜெயித்துவிட்டேன் என்ற குஷியில், ஆவடி பஸ் போய்விடப் போகிறதே என்று கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து விறுவிறுவென்று நடந்தேன். வாசல் வரைக்கும் போனது நினைவிருக்கிறது. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கத்தோடு திரும்பக் கட்டிலுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அந்த வீக்கம் என் வேலைக்கு உலை வைத்தது. தொழிற்சாலை டாக்டர் விசாரித்தார், நடந்ததைச் சொன்னேன். மயக்கம் போடுகிற ஆள் இனி கிரேன் ஏறக் கூடாது என்று சொல்லி, என்னை டூல் ரூமில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கிரேன்தான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதைவிட, எனக்குப் பிடித்த ஒரே வேலை.

ஒரு நம்பிக்கை இருந்தது. முனுசாமி. பருத்திப்பட்டுக்காரர். சுமையைச் சங்கிலியில் கட்டிவிட்டுக் கீழே நின்று எனக்குக் கையால் சைகை காட்டுகிறவர். மேலே நான், கீழே அவர், இப்படியே வருஷக்கணக்காக ஓட்டியிருந்தோம். எனக்காக அவர் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டர் கேட்பார் என்று நினைத்து அழைத்துப் போனேன். இவர் மேலே இருந்தால் நீங்கள் கீழே நிற்பீர்களா என்று டாக்டர் அவரிடம் நேராகவே கேட்டார். முனுசாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நிக்க மாட்டேன் சார். எனுக்கு மூணு பொண்ணுங்க கீது."

துணைக்கு வந்தவர்

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடியதில் அவர் ஒரு வழி விட்டார்: மயங்காமல், தள்ளாடாமல் இரண்டு தடவை தொடர்ந்து ரத்தம் எடுத்துக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம்.

அடுத்த முறை குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எனக்கு முன்னாலேயே லீவு போட்டுவிட்டு அங்கே நிற்கிறார் முனுசாமி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஊசி ஏறியது. ரத்தம் எங்கே போகிறது என்று குனிந்து பாட்டிலைப் பார்த்தார் மனுஷர். டன் கணக்கில் இரும்பு தலைக்குப் பக்கத்தில் தொங்கினாலும் அசையாதவர், வெட்டிய வாழையாகச் சாய்ந்தார்.

எனக்குப் பதறிவிட்டது. ஒரு கையில் ஊசியோடு, "சிஸ்டர், காலைத் தூக்குங்க! தண்ணி தெளிங்க! சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கத்திய கத்தலில் எனக்கு மயக்கம் வர மறந்தே போனது. பாட்டில் நிறைந்ததுகூடத் தெரியவில்லை. முனுசாமி கண்ணைத் திறந்ததும் தரையில் படுத்தபடியே என்னைத் தேடினார்.

"அண்ணாத்த, உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

தவக்கால வெள்ளி

முனுசாமி விழுந்ததால்தானே நீ விழவில்லை, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று தொழிற்சாலை டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அடுத்த முறைக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன நாள், கிறிஸ்தவர்களான எங்களுக்கு நோன்புக் காலமான தவக்காலத்து வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. சின்ன வயசிலிருந்து தவக்கால வெள்ளியில் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பது எனக்குப் பழக்கம். லீலா சிஸ்டர் சொன்னதை மீறினால் மயக்கம், பழக்கத்தை மீறினால் மனசு கேட்காது. ஒரு வாய் கஞ்சியாவது குடியுங்கள் என்று பிலோமினா மன்றாடிப் பார்த்தாள். நான் மசியவில்லை. அவள் விடுவாளா? முதல் நாள் சாயங்காலமே கோயிலுக்குப் போய், பூசை முடித்து வெளியே வந்த பங்குச் சாமியாரைக் கையோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிலோமினா வைத்த காபியைக் குடித்து முடித்தார். எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்தார்.

"ஆண்டவர் ரத்தம் சிந்தின நாள்தான் வெள்ளி. நீயும் பட்டினியா வந்து போட்டி போடணும்னு அவர் கேக்கல. நல்லா சாப்பிட்டுட்டுப் போய்ப் படு."

உட்கார ஒரு இடம்

சாமியாரே உத்தரவு கொடுத்த பிறகு நன்றாகவே சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஆனாலும் பாட்டில் பாதி நிறைவதற்குள் காதில் குக்கர் சத்தம் வந்துவிட, சிஸ்டர் அதோடு நிறுத்திவிட்டார். அதுவும் கணக்கில் சேராது. நெடுநேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார். அன்றைக்கு முனுசாமிக்கு லீவு கிடைக்கவில்லை, நான் தனியாள்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். "யாருக்கோ ரத்தம் குடுத்துட்டு வராரு, யாராவது எந்திரிங்கப்பா!" என்று அவர் ஒரு சத்தம் போட, கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சட்டென்று எழுந்துவிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இது தானமில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, என் வியாதிக்காக எடுத்துக் கொட்டிவிட்டார்கள் என்று உண்மையைச் சொல்லி, நீங்களே உட்காருங்கள் என்றேன். அந்த அம்மா என் வெளுத்த முகத்தை ஒரு தடவை பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தி சீட்டில் உட்கார வைத்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன், ஆனால் அவர் சொன்ன வார்த்தைக்காக இன்றுவரை அவருக்கு ஜெபம் உண்டு.

"புண்ணியம் யாருக்குப் போனா இன்னா நைனா, நீ மொதல்ல குந்து."

கை காட்டிய வேலை

அடுத்த தடவை லீலா சிஸ்டர் ஒரு வித்தை சொல்லித் தந்தார். ரத்தம் இறங்கும்போது தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்க வேண்டும், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து பிறகு தளர்த்த வேண்டும், திரும்பவும் இறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ரத்தம் காலில் தங்காமல் தலைக்கு ஏறுமாம். சொல்வது சுலபம். பயத்தில் படுத்திருக்கிறவனுக்கு எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்று ஒன்றும் ஓடாது. நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கி மூச்சையும் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் திட்டினார்.

அன்றைக்கு முனுசாமி வந்திருந்தார். தான் பாட்டிலைப் பார்த்து மறுபடி விழக் கூடாது என்பதற்காக, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு, கால்மாட்டில் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நான் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினார். எங்கள் ஷெட்டில் அதற்கு அர்த்தம், தூக்கு. என் தொடை தானாக இறுகியது! உள்ளங்கையைக் காட்டினார்: நிறுத்து. அப்படியே பிடித்துக்கொண்டேன். கையை மெல்லத் தாழ்த்தினார்: இறக்கு. தொடை தளர்ந்தது, மூச்சும் தன்னால் வந்தது. வருஷக்கணக்காக அந்தக் கைக்குக் கட்டுப்பட்டே பழகிய உடம்பு அல்லவா, அதற்கு யோசனையே தேவைப்படவில்லை. தூக்கு, நிறுத்து, இறக்கு என்று பாட்டில் நிறையும் வரைக்கும் அவர் கை ஓயவில்லை. எனக்குக் கொட்டாவி வரவில்லை, குக்கர் சத்தம் வரவில்லை. முடிந்த பிறகு உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்து, சிஸ்டர் சொன்ன பிறகுதான் எழுந்தேன். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விசாரித்ததற்கு லீலா சிஸ்டர் சொன்ன பதில்:

"ஊசி போட்டது நானு. வேலை பார்த்தது அந்த அண்ணன்."

டாக்டர் முன்னால்

அதற்கு அடுத்த முறையும் அப்படியே, ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் முடிந்தது. சொன்ன இரண்டும் ஆயிற்று. ரத்தம் இளகியதில் தலைக்கனமும் போயிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலை டாக்டர் அதைப் படித்துப் பார்த்தார், என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஏணியில் ஏறி இறங்கச் சொன்னார், பிறகு நாடியைப் பிடித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. ரத்தம் எடுத்த நாளும் மறுநாளும் ஏறவே கூடாது என்றார். கட்டாயம் ஏற மாட்டேன் என்றேன். அப்புறமும் யோசித்துக்கொண்டே நின்றவர், முனுசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

முனுசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் ஒன்றும் விளக்கவில்லை, "என்ன சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையில் என்ன தின்றாய் என்று கேட்டார். நான்கு இட்லி என்றேன். ஏணியைப் பார்த்தார், மேலே கிரேனைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. எனக்காக அவர் பொய் சொல்ல மாட்டார் என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியுமே. கடைசியில் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நிக்க மாட்டேன்னேன் சார், அது நெசம். இப்ப நிக்கிறேன்றேன், இதுவும் நெசம். எனுக்கு இன்னும் அதே மூணு பொண்ணுங்கதான் கீது."

டாக்டர் கையெழுத்துப் போட்டார், நான் மறுபடி கிரேன் ஏறினேன். மொத்தத்தில், அத்தனை உயரத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்து சம்பாதித்தவன் என்று மார்தட்டிக்கொண்ட நான், ஒரு பாட்டில் ரத்தத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு வர ஒரு நர்ஸ், ஒரு மனைவி, ஒரு சாமியார், ஒரு கீரைக்கார அம்மா, ஒரு முனுசாமி என்று பாதி ஊரையே துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.